தண்ணீர் முறை இல்லாத நாள்

அந்தக் குழாயைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பிரமநாயகி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூலக்கடைத் தெரு முக்கில், பாத்திரக் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் மெத்தைக் கடைக்கும் நடுவில், முழங்கால் உயரத்துக்குச் சாயம் போன சிவப்பு இரும்பு. தலையில் ஒரு மூடி, விலாவில் ஒரு மூடி. கழுத்தில் யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து ஓஸை மாட்டித் தண்ணீர் எடுக்கிற குழாய். ஹைட்ரண்ட். அந்தச் சொல் அவள் வாயில் உட்காருவதற்கே நாளாயிற்று. முதலில் ஐடரண்டு என்றாள், அய்ட்ரெண்டு என்றாள், குடிநீர் வாரிய அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இப்போது சரியாகச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, கால் கழுவிவிட்டு, திறந்த குழாயை மூடாமல் ஓடுகிறவர்களை ‘ஏலே, குழாயை மூடுல’ என்று விரட்டிக்கொண்டிருக்கிறவள். அவளுக்கு என்ன ஹைட்ரண்ட். ஆனால் தம்பி செத்ததிலிருந்து அந்த ஒரு சொல்தான் காலையில் பல் தேய்க்கும்போதும் வாய்க்குள் வந்து நிற்கிறது. இன்றைக்குத் திறந்து பார்க்கிறார்கள். அவள் முன்னிலையில் திறந்து பார்க்கிறார்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகம் என்று கருவி வைத்து அளக்கப் போகிறார்கள். காலையிலேயே வந்துவிடுவோம் என்றார்கள். வெயில் பாத்திரக் கடைப் படியைத் தாண்டி இறங்கிவிட்டது. இன்னும் யாரும் வரவில்லை. வராவிட்டால் என்ன, வராமலே போனால்கூட நல்லதுதான் என்று ஓர் எண்ணம் பூனை மாதிரி உள்ளே நுழைந்தது. சீ, போ என்று விரட்டினாள். அது போகாமல் ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

எத்தனை படி ஏறியிருப்பாள். முதல் தடவை போனபோது, ‘இந்த டெஸ்ட் பெரிய கட்டடம் கட்டுறவங்க கேக்கிறதும்மா, மாடியில தண்ணி பீச்சுற குழாய் போடணும்னா தெருவுல எவ்வளவு பிரஷர் இருக்குன்னு தெரியணும்லா, அதுக்கு. நீங்க என்ன கட்டடம் கட்டப் போறீங்க?’ என்று கேட்டார்கள். ‘ஒண்ணும் கட்டலை சார்.’ ‘அப்ப எதுக்கு?’ எதுக்கு. அந்த ‘எதுக்கு’க்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தம்பியின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். ஆவுடையப்பன் என்றாலே அவளுக்குத் தொண்டை அடைக்கும், தொண்டை அடைத்தால் அவர்கள் தண்ணீர் குடிக்கிறீர்களா என்பார்கள், தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டால்... ஆகவே சுருக்கமாக, ‘அந்தக் குழாயில தண்ணி வருதான்னு தெரியணும் சார்’ என்பாள். ‘வரும். எங்க ரிக்கார்டுல எல்லாம் வொர்க்கிங்னுதான் இருக்கு.’ ‘திறந்து காட்டுங்க சார்.’ ‘அதான் வரும்ங்கேன்லா.’ பிறகு திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் மனு. அங்கே வரிசையில் முன்னால் நின்ற கிழவர் தன் வயலுக்கு வழி கேட்டு வருஷக்கணக்காக வருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, ‘நீ எதுக்கம்மா வந்திருக்கே?’ என்றார். ‘ஒரு குழாயைத் திறந்து பாக்கணும்.’ ‘அவ்வளவுதானா?’ என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவ்வளவுதான் என்றுதான் அவளும் நினைத்தாள். ஒரு மூடியைத் திருக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள்கூடத் திருகும்.

மெத்தைக் கடையின் ஷட்டர் மேலே பாதி சூட்டில் நெளிந்து வளைந்து, வாயைக் கோணிக்கொண்ட மாதிரி நின்றது. சுவரில் கரி. மழை பெய்து பெய்து கரி வழிந்து கீழே கோடுகோடாக இறங்கியிருந்தது. தீயணைக்க வந்த தம்பி இந்தக் கடையில் செத்த பிறகு அவள் இந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை; மனு கொடுக்கப் போகிறபோதுகூடப் பஸ் இந்தப் பக்கம் திரும்புமானால் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவாள். பஞ்சு எரிந்தால் என்ன வாடை வரும். முடி எரிந்த வாடை மாதிரி இருக்காது என்று தம்பி ஒரு தடவை சொல்லியிருக்கிறான், அது வேறே மாதிரிக்கா, இனிப்பா வரும், அதுதான் பயம். இனிப்பாகவா. இப்போது மூக்கை விரித்து இழுத்துப் பார்த்தாள். பாத்திரக் கடையில் பாலிஷ் போடுகிற புளி வாடைதான் வந்தது. ஆவுடையப்பன் தீயைப் பற்றி அதிகம் பேசுகிறவன் இல்லை. ‘தீயைப் பாக்கதே அபூர்வம்க்கா. மாடு கிணத்துல விழுந்துட்டுன்னு கூப்பிடுவான், பாம்பு வந்துட்டுன்னு கூப்பிடுவான், பூனை மரத்துல ஏறிட்டுன்னு கூப்பிடுவான். நாங்க என்ன பயர் சர்வீஸா, கால்நடை ஆஸ்பத்திரியா?’ சிரிப்பான். சிரிக்கிறவன் ராத்திரி படுக்கப் போகும் முன்னால் சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பார்க்காமல் படுக்க மாட்டான். அக்கா மூடியிருப்பாள் என்று தெரியும். இருந்தும் ஒரு தடவை. அப்படிப்பட்டவனைப் பற்றித்தான் விசாரணையில் எழுதினார்கள், கவனக்குறைவு என்று. மேலதிகாரி உத்தரவுக்குக் காத்திராமல் மாடிக்குப் போனது, தெருக் குழாயில் முறையாக இணைப்புக் கொடுக்காதது, கவனக்குறைவு. அவளுக்கு அந்தச் சொல்லை முதலில் படித்துக் காட்டியவர் தலைமைக் காவலர் மாதிரி மீசை வைத்த யாரோ ஒருத்தர். கவனக் குறைவு என்று இரண்டாகப் பிரித்து வாசித்தார். கவனம், குறைவு. ஒரு கரண்டி உப்பு குறைவு என்கிற மாதிரி.

அவள் அங்கே இல்லை. அதுதான். எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், இல்லாத இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. வண்டியை ஓட்டி வந்து பம்பை இயக்குகிற மரியதாஸ் சொன்னதிலிருந்துதான் எல்லாம். வண்டித் தொட்டியில் இருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் காணும். அது தீர்வதற்குள் தெருக் குழாயோடு இணைத்துவிட வேண்டும். ஆவுடையப்பன் ஓஸைப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினான். மாடியில் தையல்காரப் பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேரை இறக்கிவிட்டான். இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ கீழேயிருந்து கத்தினார்கள். திரும்ப ஏறினான். மரியதாஸ் ஓடிப்போய்க் குழாயின் மூடியைத் திறந்து ஓஸை மாட்டி வால்வைத் திருகினான். ‘காத்துதான் வந்துச்சுக்கா. புஸ்ஸுன்னு காத்து. பொறவு அதுவும் நின்னு போச்சு. ஓஸ் தொளதொளன்னு விழுந்துட்டு.’ துக்கம் கேட்க வந்த அன்றைக்கு அப்படிச் சொன்னான், சுவரில் தலையை முட்டிக்கொண்டு. விசாரணையில் போய் நின்றபோது, பதற்றத்தில் சரியாக நினைவில்லை என்று சொல்லிவிட்டான்; இணைப்புக் கொடுக்காத பழி செத்தவன் தலையில் விழுந்தது. அவனுக்கும் வேலை இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் காற்று. மேலே தம்பிக்கு மூச்சுவிடக் காற்று இல்லை. கீழே குழாய் நிறையக் காற்று. தெருவில் காற்று வீசியதால்தான் தீ பரவியது என்றும் எழுதியிருந்தார்கள். எல்லா இடத்திலும் இருந்தது, அவன் மூக்குக்கு முன்னால் மட்டும் இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கடைப் படியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

‘உக்காருங்க தாயி, எவ்வளவு நேரம் நிப்பிய’ என்று பாத்திரக் கடை அண்ணாச்சி ஸ்டூலை எடுத்துப் போட்டார். சைக்கிள் அவருடையதுதான். அவளுக்காக அவிழ்த்துக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். அவருக்கு இவள் யார் என்று தெரியும்போல. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாத ஒரு மரியாதை முகத்தில் இருந்தது. கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. ஈசுவரி. தம்பி பெண்டாட்டி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டோடு போய்விட்டவள். ‘மதினி, வந்துட்டாவளா?’ ‘இன்னும் இல்லட்டி.’ அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. ‘விட்டிருங்கன்னா கேக்க மாட்டேங்கிய.’ ‘விட்டா? நாளைக்கு உன் மவன் பெரியவனாகி எடுத்துப் படிச்சா என்ன இருக்கும் அதுல?’ ‘இப்பவே பள்ளிக்கூடத்துல ஒரு பய சொல்லிட்டானாம், ஒங்கப்பாவுக்கு ஓஸ் மாட்டத் தெரியலைன்னு. அழுதுட்டு வந்தான்.’ ‘அதுக்குத்தான் ஈசு.’ மிக்ஸி மறுபடி ஓடவில்லை. பிறகு ஈசுவரி மெதுவாகச் சொன்னாள். ‘தண்ணி வந்துட்டுன்னா எனக்குப் போன் பண்ணாதீங்க மதினி.’ வைத்துவிட்டாள். தண்ணி வந்துட்டுன்னா. உலகத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாரும் தண்ணி வந்துட்டு, ஓடியா ஓடியா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளே எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

ஓரமாகப் படுத்திருந்த அந்த எண்ணம் எழுந்து சோம்பல் முறித்தது. வரக் கூடாது. இந்தக் குழாயில் ஒரு சொட்டு வரக் கூடாது. வறண்டு கிடக்க வேண்டும், உள்ளே பல்லி செத்துக் கிடக்க வேண்டும், திறந்தால் துரு கொட்ட வேண்டும். அப்போதுதான் அவன் கவனமாக இருந்தவன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே குடித்தனம். கம்பியில் துணி காய்ந்தது. பாவாடை, கைலி, கை அகல இடத்தில் ஒரு குழந்தையின் ஜட்டி. மெத்தைக் கடைக்கு எதிரே புதிதாக இன்னொரு கடை, ரெக்சின், ஃபோம், அட்டை அட்டையாக வாசல் வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். அந்தக் கடைக்கு மேல் மாடியிலிருந்து ஒருத்தி ஈரத் தலையோடு எட்டிப் பார்த்து யாரையோ திட்டினாள். இவர்களுக்குத் தீப்பிடித்தால்? வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறாயே, இவர்களுக்கு? அப்போது எவனாவது ஒரு ஆவுடையப்பன் ஓஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறுவானே, அவன் அக்கா? பிரமநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். சரி, வரட்டும். வந்தால் இவர்கள் பிழைப்பார்கள். வந்தால் அவன் மறுபடி சாவான். இந்த முறை தானே கைதவறிச் செத்தவனாக. வராவிட்டால் அவன் நல்லவன், தெரு எரியும். இதில் எதை வேண்டிக்கொள்வது, எந்தச் சாமியிடம் வேண்டிக்கொள்வது. சொள்ளமாடனிடமா. வராதே என்றும் சொல்ல முடியவில்லை, வா என்றும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைக் கால் கழுவிவிடும்போது ஒரு கையில் வாளியும் ஒரு கையில் பிள்ளையுமாகக் கதவைத் திறக்க மூன்றாவது கையில்லாமல் நிற்பாளே, அப்படி நின்றாள்.

குடங்களை அப்போதுதான் கவனித்தாள். தெரு நெடுக வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடம், பச்சை, ஊதா, ஆரஞ்சு. வந்தபோது இரண்டோ மூன்றோதான் இருந்தன. இப்போது வரிசையாக. பக்கத்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவளைக் கேட்டாள். ‘எதுக்கும்மா இவ்வளவு குடம்?’ அந்தப் பெண் நிமிராமல், ‘இன்னைக்குத் தண்ணி முறைல்லா’ என்றாள். ‘ஒருநாள் விட்டு ஒருநாள். எங்களுக்கு இன்னைக்கு முறை.’ பூண்டுத் தோல் காற்றில் பறந்து பிரமநாயகியின் சேலையில் ஒட்டியது. முறை. இன்றைக்கு முறை. அவள் அதைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். ‘அன்னைக்கு...’ என்றாள். திரும்பக் கேட்டாள். ‘அந்தக் கடை எரிஞ்ச அன்னைக்கு உங்களுக்கு முறையா?’ பூண்டு உரித்த கை நின்றது. ‘முறை இல்லாத நாளு. பொட்டுத் தண்ணி கிடையாது. குடிக்கதுக்குப் பிடிச்சு வச்சிருந்த குடத்தைல்லா நாங்க கொண்டாந்து ஊத்துனோம். ஊத்தி என்ன செய்ய. ஒரு பையன் போயிட்டான், பயர் சர்வீஸ்காரப் பையன்.’ நிமிர்ந்து பார்த்தவள் என்ன கண்டாளோ, வாயை மூடிக்கொண்டாள். பிரமநாயகி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ‘இதை இப்ப வர்ற வாரியத்து மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவியளா?’ ‘எதை?’ ‘அன்னைக்குத் தண்ணி இல்லைங்கிறதை.’ அந்தப் பெண் உரித்த பூண்டை முந்தானையில் அள்ளினாள். ‘எங்களுக்கு எதுக்கும்மா வம்பு. இப்பமே அரைமணி நேரம்தான் விடுதாவ. அதையும் நிறுத்திப்புடுவாவ.’ எழுந்து உள்ளே போய்விட்டாள். குற்றம் சொல்ல முடியுமா. ஊற்றுவதற்கு இருந்த குடத்தை அன்றைக்கே கொண்டுவந்து ஊற்றிவிட்டாள். இனி அவளிடம் என்ன இருக்கிறது.

ஆக, தண்ணீர் வரும். எதற்காகப் படியேறினாளோ, அது திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. இன்றைக்கென்று நாள் பார்த்தார்களா, தானாக அமைந்ததா. பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவு தூரம் யோசித்துச் செய்ய அவர்களுக்கு இவள் யார். தானாகத்தான் அமைந்திருக்கும். அதுதான் இன்னும் மோசம். யாரோ வேண்டுமென்றே செய்தால் மண்ணை வாரித் தூற்றலாம். தானாக அமைவதை என்ன செய்வது. அந்த நாளும் தானாகத்தான் அமைந்தது. ஒருநாள் முந்தித் தீப்பிடித்திருந்தால், ஒருநாள் பிந்திப் பிடித்திருந்தால். தையல் மெஷின் ஒயர் ஒருநாள் பொறுத்திருந்தால். ஒன்றுவிட்டு ஒன்று. பிள்ளைகள் கட்டம் விட்டுக் கட்டம் தாண்டி விளையாடுகிற மாதிரி ஊரே தாண்டித் தாண்டிப் போகிறது. அவன் கால் வைத்தது விட்ட கட்டத்தில். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

வாரியத்து ஜீப் தெருவுக்குள் நுழைய முடியாமல் முக்கிலேயே நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். உதவிப் பொறியாளர் ரிஸ்வானா. முப்பது வயதிருக்கும், தலையில் சுற்றிய துப்பட்டாவுக்கு மேல் மஞ்சள் தொப்பி. கூட, வால்வு திறந்துவிடுகிற கொம்பையா. தோளில் ஆள் உயரத்துக்கு இரும்புச் சாவி. ‘மன்னிச்சிருங்கம்மா, ரொம்பக் காக்க வச்சிட்டேன், அங்க ஒரு லைன் உடைஞ்சிட்டு’ என்றாள் ரிஸ்வானா. அவள் வீட்டிலும் யாருக்கோ அக்காவாகத்தான் இருப்பாள். நல்ல பெண். நல்லவர்களிடம் சண்டை போடுவதற்குத் தெம்பு அதிகம் வேண்டும். ‘ம்மா, இன்னைக்கு இங்க முறை நாளாம்’ என்றாள் பிரமநாயகி. ‘ஆமாம்மா.’ ‘அன்னைக்கு முறை இல்லாத நாளு.’ ரிஸ்வானா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ‘வீட்டுக் குழாய்க்குத்தாம்மா முறை. இது மெயின்லேருந்து நேரா வருது. கணக்குப்படி இதுல எப்பவும் தண்ணி இருக்கும்.’ ‘எப்பவுமா?’ ‘எப்பவும்.’ ‘அப்படீன்னா நாளைக்கு வந்து திறங்கம்மா. நாளைக்கு முறை இல்லைல்லா.’ ‘முறை இல்லாத நாள்ல டெஸ்ட் பண்ண என்னம்மா இருக்கு?’ சொன்ன பிறகுதான் தான் சொன்னது ரிஸ்வானாவின் காதில் விழுந்தது. பிரமநாயகி அவள் முகத்தையே பார்த்தாள். அங்கே ஒரு கதவு திறப்பதும், உள்ளே யாரோ நிற்பதும், மறுபடி மெதுவாகச் சாத்துவதும் தெரிந்தது. கொம்பையா சாவியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ‘நான் ஆபீஸ்ல கேட்டுப் பாக்கேன்மா’ என்றாள் ரிஸ்வானா, குரலை இறக்கி. ‘ஆனா அப்படி ஒரு டெஸ்ட் எங்ககிட்ட இல்ல.’

மூடி லேசில் திறக்கவில்லை. கொம்பையா மண்ணெண்ணெய் விட்டார், சுத்தியலால் சுற்றித் தட்டினார், தம் கட்டித் திருகினார். ஒவ்வொரு தட்டும் பிரமநாயகியின் பல்லில் கேட்டது. இப்படி இறுகிக் கிடப்பதை அன்றைக்கு மரியதாஸ் ஒருத்தனாக எப்படித் திறந்தான். திறந்தான் இல்லையா. திறந்ததால்தானே காற்று வந்தது. மூடி கழன்றது. ரிஸ்வானா குழாயின் வாயில் கருவியைப் பொருத்திவிட்டு விலகினாள். கொம்பையா வால்வைத் திருகினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு பெருமூச்சு. பிறகு புஸ்ஸென்று காற்று. புஸ்ஸென்று, அவன் சொன்ன மாதிரியே. காற்று! பிரமநாயகி எழுந்துவிட்டாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. காற்றுதான், பாருங்கம்மா, காற்றுதான் என்று கத்த வாயைத் திறந்தாள், ஆவுடையப்பா என்று கூப்பிடுவதற்கோ என்னவோ. அதற்குள் குழாய் இருமியது. செங்கல் நிறத்தில் கொஞ்சம் கக்கியது. இன்னொரு தடவை இருமியது. அப்புறம் வந்தது. வெள்ளையாக, கண்ணாடிக் கம்பி மாதிரி, தெருவைக் குறுக்கே தாண்டி எதிர்க் கடைப் படியில் போய் அடித்தது. ஃபோம் அட்டைகளை உள்ளே இழுங்கடா என்று கத்தினார்கள். தண்ணி, தண்ணி என்று தெரு எழுந்தது. குடங்கள் ஓடி வந்தன. பூண்டு உரித்தவள் இரண்டு இடுப்பிலும் இரண்டு குடத்தோடு வந்தாள், இவள் பக்கம் திரும்பாமல். குழந்தைகள் சட்டையோடு நனைந்தன. ‘தள்ளுங்க, அளக்கணும், தள்ளி நில்லுங்க’ என்று ரிஸ்வானா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இரைச்சலுக்கு மேலே எட்டிக் கருவியின் முள்ளைப் பார்த்தாள். நல்ல பிரஷர் என்று வாய்க்குள் சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்ற மாதிரி பிரமநாயகியைப் பார்த்தாள். இவள் போய் அந்தத் தண்ணீரில் கையை வைத்தாள். கையைத் தள்ளிவிட்டது. மறுபடி வைத்தாள். வலித்தது. இவ்வளவு இருந்திருக்கிறது. பூமிக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. மாடிப்படி என்ன, மாடியையே பெயர்த்துக்கொண்டு போகிற தண்ணீர். வேண்டாம், இவ்வளவு வேண்டாம், இதில் கால்வாசி வேண்டாம், ஒரு வாளி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குழாயை மூடாமல் விட்டு வீணாகிப் போகிற தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாலே போதும். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தண்ணீர் சாக்கடை ஓரமாகத் திரும்பி, காகிதக் குப்பைகளைத் தூக்கிக்கொண்டு, யாருக்கும் பயன்படாத அவசரத்தோடு ஓடியது.

கொம்பையா வால்வை மூடியதும் தெரு சட்டென்று அமைதியானது. குடங்கள் பிரிந்து போயின. ரிஸ்வானா பக்கத்தில் வந்து அவள் ஈரக் கையைத் தொட்டு, ‘வாரேன்மா’ என்றாள். ஜீப் பின்னால் போய்ப் பின்னால் போய்த் திரும்பியது. அப்போதுதான் பூட்டிய கடைக்கு அந்தப் பக்கம், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஆள் ஒன்று நிற்பதைப் பார்த்தாள். மரியதாஸ். சீருடை இல்லை, கோடு போட்ட சட்டை. எப்போது வந்தானோ, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். வருவானா, போய்விடுவானா என்று தெரியாமல் நின்றான். பிறகு ஈரத்தில் செருப்பு சப்சப்பென்று ஒட்ட நடந்து வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். விசாரணைக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அவளைப் பார்க்காமல் அந்தக் குழாயைப் பார்த்தான். விரல்களை விரித்து, மூடி, விரித்துப் பார்த்தான், வால்வை எந்தப் பக்கம் திருகுவது என்று கை மறந்துபோன மாதிரி. ‘யக்கா’ என்றான். ‘சொல்லுல.’ ‘இவ்வளவு தண்ணி வருதேக்கா.’ அவள் விழுந்து கிடந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள். ‘அன்னைக்கு நான் திறந்தேன்லா. காத்துதான வந்துச்சு?’ அவன் அவளைத்தான் கேட்டான். அங்கே இருந்த ஒரே கை அவனுடையது. அந்தக் கை வந்து, அங்கே இல்லாத அவளைக் கேட்டது. அவன் கண் சிவந்து, பதிலுக்கு ஏங்கி, பள்ளிக்கூடத்தில் இருட்டில் விட்ட பிள்ளை மாதிரி இருந்தது. இவனும் போய்விடுவான். இன்றைக்கு ராத்திரி படுத்தானென்றால், நாளைக்கு எழுந்திருக்கும்போது, நான் சரியாகத் திறக்கவில்லை என்று எழுந்திருப்பான். அப்புறம் அந்தக் காற்றைக் கேட்டவர் என்று உலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பிரமநாயகி அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

‘காத்துதான்ல வந்துச்சு’ என்றாள். ‘புஸ்ஸுன்னு வந்து நின்னு போச்சு. எனக்குத் தெரியாதா?’